முதல் விநாடியைச் சேர்க்கக்கூடாது

ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் கண்ணை மூடச் சொல்வது என் வேலை. மூடச் சொல்வேன், திறக்கச் சொல்வேன், மறுபடி மூடச் சொல்வேன். இருபத்திரண்டு வருடங்களாக இதற்குத்தான் எனக்குச் சம்பளம். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. எடுக்கிறவள் நான். தலையில் இருபத்தோரு இடங்களில் பசை வைத்துக் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்சாரம் திரையில் கோடுகோடாக ஓடுவதைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் "மண்டைக்கு ஷாக் குடுக்கிற வேலையாமே?" என்று கேட்பார்கள். முதல் பத்து வருடம் பொறுமையாக விளக்கம் சொன்னேன். இப்போதெல்லாம் "ஆமா, உங்களுக்கும் வேணுமா?" என்று கேட்டுவிடுகிறேன்.

கண்ணை மூடினால் மூளை ஓய்ந்து, கோடுகள் எல்லாம் அடங்கிவிடும் என்றுதான் படிக்கப் போகுமுன் நானும் நினைத்திருந்தேன். திரையில் பார்த்தால் நேர்மாறாக இருக்கும். கண் திறந்திருக்கும்போது பின்மண்டைக் கோடுகள் சின்னச் சின்னதாக, ஒழுங்கில்லாமல் ஓடும். மூடச் சொன்னதும் அதே இடத்தில் அலைகள் எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சீராக வரத் தொடங்கும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் விழித்திருக்கிற மூளையின் தாளம் அது. ஆல்பா என்று பெயர். பெரியவர்களுக்கு விநாடிக்கு எட்டு, ஒன்பது, பத்து அலை என்று வரும், எட்டுக்குக் குறையக்கூடாது. கண்ணைத் திறந்ததும் காணாமல் போய்விடும். மூடினால் வருவதும் திறந்தால் போவதும் ஒழுங்காக நடந்தால் அந்தத் தலையைப் பற்றிப் பாதி நிம்மதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு தலையிலும் இதைப் பார்த்து எனக்குள் சிரித்துக்கொள்வேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது சலிக்கவில்லை. சலித்ததெல்லாம் மனிதர்கள்தான்.

சும்மா கண்ணை மூடிக்கொண்டு படுங்கள் என்றால் நம்மவர்கள் படுகிற பாடு சொல்லி முடியாது. தம்பானூரில் லாட்ஜ் வைத்திருப்பவர் ஒருவர், ஊசி போடப் போகிற குழந்தை மாதிரி இமையை இறுக்கிக்கொண்டார். நெற்றித் தசையின் இரைச்சல் மட்டும்தான் பதிவானது. தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருக்கிற ஆட்கள் மூடின அரை நிமிடத்தில் குறட்டை விடுவார்கள். எழுப்ப மனசு வராது, ஆனால் எழுப்பித்தான் ஆக வேண்டும். போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள் கண்ணை மூடியதும் மடியில் இரண்டு கை விரல்களும் கொழுந்து கிள்ளத் தொடங்கிவிட்டன. "கையை சும்மா வைங்கம்மா" என்றேன். "சும்மாத்தானே வச்சிருக்கேன்" என்றார், கிள்ளிக்கொண்டே.

ஆனால் எங்கள் ஆட்களைப்போல என்னைப் படுத்தியவர்கள் கிடையாது. எங்கள் ஆட்கள் என்றால் பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக்காரர்கள். பேசத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, "கண்ண மூடு, கையக் கூப்பு" என்பது. கண்ணை மூடுவது எங்களுக்குத் தனி வேலை அல்ல, ஜெபத்தின் முன்பாதி. அதனால் நான் மூடச் சொன்னதும் அவர்கள் பாட்டுக்கு ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உதடு லேசாக அசையும். மனசு மும்முரமாக ஒரு வேலையில் இறங்கினால் சிலருக்கு அந்த அலை கண் மூடியிருக்கும்போதே கலைந்துவிடும். "ஆண்டவர் அஞ்சு நிமிஷம் காத்திருப்பார், சும்மா படுங்க" என்று சொல்லிச் சொல்லி எடுப்பேன். ஒரு பெரியவர் மட்டும் கோபித்துக்கொண்டு, "சும்மா கண்ண மூடுகது செத்தவன்தான்" என்றார்.

இவ்வளவும் தெரிந்த நான், என் அம்மா விஷயத்தில் ஒரு தப்புச் செய்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மா பாறசாலைக்கு அப்புறம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற எங்கள் வீட்டில் தனியாக இருந்தாள். வயது எழுபத்து நான்கு. பத்து ரப்பர் மரம், ஒரு கிணறு, கொஞ்சம் கோழி. திருவனந்தபுரத்தில் என்னோடு வந்து இரு என்று நான் கூப்பிடாமல் இல்லை. இரண்டு நாளுக்கு மேல் எங்கள் இருவரையும் ஒரே அடுக்களையில் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பாவம். அவள் கறிக்கு மிளகு அரைக்கிற விதம் எனக்குப் பிடிக்காது, நான் பாத்திரம் கவிழ்க்கிற விதம் அவளுக்குப் பிடிக்காது. "நீ உன் எடத்துல நல்லாயிரு, நான் என் வீட்டுல நல்லாயிருக்கேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. உங்கள் அம்மா இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், ரொம்ப நேரமாகிறது, வேதப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் நம்பர் இருந்தது என்று விசாரணைக் கவுண்டரில் இருந்த ஒரு பெண் சொன்னாள். ஓடினேன். ஆராதனை முடிந்து இரண்டு ஸ்டாப் தள்ளி வீட்டருகே இறங்க வேண்டியவள், வெள்ளைச் சேலையும் மடியில் புத்தகமுமாக, யாருக்கோ காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னப் பாக்கணும்னு தோணிச்சு மக்ளே, வந்தேன்" என்றாள்.

"என் வீடு கரமனையில இருக்கு. நீ வந்த பஸ் அங்க நின்னுட்டுத்தான் இங்க வரும். ஏன் அங்க எறங்கல?"

"கண்டக்டர் சொல்லல்லே."

முப்பது வருடமாக அந்த வழியில் வந்துபோகிறவள் அவள். பொய் சொல்லுகிற வழக்கமும் அவளுக்குக் கிடையாது. இரண்டும் சேரவில்லை. ஊரில் அம்மாவின் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். சமயத்தில் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் சற்று நேரம் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றும், பால் பாத்திரம் இரண்டு தடவை கருகியது என்றும், நான் கத்துவேன் என்று பயந்து சொல்லவில்லை என்றும் சொன்னார். நான் கத்தினேன்.

மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினேன். அந்த வெறித்த பார்வை கை கால் இழுக்காத ஒருவகைப் பிட்ஸாகவும் இருக்கலாம், இ.இ.ஜி. எடுத்துப் பார்ப்போம், பிறகு மறதி நோயைப் பற்றி யோசிக்கலாம் என்றார். பெற்ற தாய்க்குப் பிட்ஸ் இருக்க வேண்டும் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? நான் வேண்டிக்கொண்டேன். அதற்கு மாத்திரை இருக்கிறது.

அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து தம்பியும் மார்த்தாண்டத்திலிருந்து தங்கையும் போனில் வந்தார்கள். அம்மாவை இனிமேல் தனியாக விடக்கூடாது, அக்காவோடு இருக்கட்டும் என்று இருவரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்புச் சொல்கிறவர்கள் எப்போதும் தூரத்தில்தான் இருப்பார்கள். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி அணைத்தாள்.

"டெஸ்டு எடு. தலையில ஒண்ணுமில்லேன்னா என்ன என் வீட்டுல கொண்டு விட்டுரணும். பின்ன ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது."

"சரி."

"கையில அடிச்சுச் சொல்லு."

அடித்துச் சொன்னேன். கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது.

சொந்தக்காரர்களின் தலையை நாமே பதிவு செய்யக்கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட ஒரு விதி. பிரியம் இருக்கிற இடத்தில் கண் சரியாகப் பார்க்காது. அதனால் என்னோடு வேலை பார்க்கிற மலையாளிப் பெண்ணிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு வெளியே நின்றேன். அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவளே நான்தான், என்னை சேச்சி என்று கூப்பிடுவாள். உள்ளேயிருந்து ஆரம்பமே சண்டையாகக் கேட்டது. எண்ணெய் தேய்க்காமல் வரச் சொல்லியிருந்தும் அம்மா தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், பசை ஒட்டவில்லை. "ஒரு துள்ளிதான் வச்சேன். எண்ணெ இல்லாம ரோட்டுல எறங்குகது எப்பிடி?" என்று அவள் கேட்பது வராந்தா வரைக்கும் வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"சேச்சி, ஒண்ணு வந்து பாருங்க. பிட்ஸ் ஒண்ணும் இல்ல கேட்டோ. ஆனா ஆல்பா வரல. கண்ணு அடைச்சாலும் திறந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கு."

அம்மாவை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, மிஷின் முன்னால் உட்கார்ந்து பதிவை முதலிலிருந்து ஓட்டினேன். அவள் சொன்னது சரி. மூடியபோதும் திறந்தபோதும் பின்மண்டையில் அதே சின்னக் கோடுகள். மூடினால் வர வேண்டிய தாளம் வரவில்லை. வேலை செய்கிற இடத்தில் அழுகிற ஆள் இல்லை நான், அதனால் அவளைத் திட்டினேன். கம்பி சரியாக ஒட்டியிருக்கிறாயா, எண்ணெயைத் துடைத்தாயா, தூங்கிவிடாமல் பார்த்துக்கொண்டாயா என்று கேட்டேன். எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகத்தான் செய்திருந்தாள்.

திரும்ப ஓட்டினேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவை கண்ணை மூடியதும் ஒரே ஒரு விநாடி, அழகான அலைகள். எண்ணினேன். ஒன்பது. அடுத்த விநாடியில் கலைந்துவிடுகிறது, உதடு அசைகிற சின்ன இரைச்சல் தொடங்கிவிடுகிறது. ஆறு தடவை மூடியிருந்தாள். ஆறிலும் அதே கதை.

நான் நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தேன். "ஜெபம் பண்ணுகா" என்றேன். "எங்கம்மா உன் மிஷினுக்குள்ள உக்காந்து ஜெபம் பண்ணிட்டிருக்கா. மூச்ச இழுத்து ஆரம்பிக்கிற அந்த ஒரு விநாடி பாரு, ஒன்பது இருக்கு. முப்பது வயசுக்காரிக்குப் போல இருக்கு."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான். கண் மூடின முதல் விநாடியில் அலை இயல்பைவிட வேகமாகத் துள்ளும். அது அந்த ஆளின் உண்மையான தாளம் இல்லை, அடங்கவிட்டு அப்புறம் எண்ண வேண்டும். முதல் விநாடியைச் சேர்க்கக்கூடாது. வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லி, மறந்தால் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குகிறவள் நான். அன்றைக்கு அந்த முதல் விநாடியைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

நோயாளி ஜெபித்துக்கொண்டிருந்தார், நாளைக்கு ஒரு தடவை திரும்ப எடுத்துவிடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தம்பிக்குப் போன் போட்டு, உங்கள் தீர்ப்பையெல்லாம் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் தலை உன் தலையைவிட நன்றாக இருக்கிறது என்றேன். அம்மாவிடமும் சொன்னேன்.

"அப்பம் நான் வீட்டுக்குப் போலாம், அல்லே?"

"நாளைக்கு ஒரு தடவ கூட எடுத்துட்டு, அப்பிடியே பஸ் ஏத்தி விடுறேன்."

அவள் அன்றைக்கே பையைக் கட்டிவிட்டாள். கோழிகளை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே, எனக்கு இரண்டு நாளைக்கு வரும்படி மீன் கறி வைத்தாள். மிளகைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அந்தப் பையோடுதான் டெஸ்ட் அறைக்குள் வந்தாள். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தாள். அந்தப் பெண் மிஷினில் உட்கார்ந்தாள், நான் என் விதியை மீறி அம்மாவின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தலையை நாடாவால் அளந்து, குறி போட்டு, பசை வைத்து, ஒவ்வொரு கம்பியாக நானே ஒட்டினேன். அவள் தலையை நான் தொட்டு எத்தனை வருடமாகிறது என்று யோசித்துப் பார்த்தேன். முடி மெலிந்து, மண்டைத் தோல் குழந்தையுடையதுபோல் இளஞ்சிவப்பாக இருந்தது. இந்தத் தடவை எண்ணெய் இல்லை.

"அம்மா, கேளு. கண்ண மூடினா நீ ஜெபம் பண்ணாம இருக்க மாட்டே. அதனால முதல்ல அத முடிச்சிரு. சத்தமாப் பண்ணு, முடிஞ்சது எனக்குத் தெரியணும். ஆமென் சொன்ன பெறகு கண்ணத் திறக்காத. அப்பிடியே சும்மா கிட."

"சும்மா கிடந்து?"

"சும்மா கிடக்கிறதுதான் டெஸ்டு."

"இதுக்கொரு டெஸ்டு" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடினாள்.

அம்மாவின் தனி ஜெபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டில் குடும்ப ஜெபம் அப்பாதான் பண்ணுவார். அம்மா விடியற்காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன், உதட்டோடு உதடாகத் தனியாக முடித்துக்கொள்வாள். அதற்குள் என்ன இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, நாங்கள் கேட்டதும் இல்லை.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள். "என் மூத்த பிள்ளைய உம்முடைய கையில ஒப்புக்குடுக்கேன். அவளுக்கு வாய் கூடுதலு. கோவம் அதுக்கும் மேல. உள்ளுக்குள்ள ஒண்ணுமில்ல, பயம்தான், அது உமக்குத் தெரியும். அவளுக்குப் பொறுமையத் தாரும்."

மிஷினில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடியே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஐம்பது வயதில், என்னைப் பார்த்தால் நடுங்குகிற பெண்ணின் முன்னால், கட்டிலில் படுத்துக்கொண்டு என் அம்மா என்னை அம்பலப்படுத்துகிறாள். ஜெபமானதால் குறுக்கே பேசவும் முடியாது.

அப்புறம் மஸ்கட்டில் இருக்கிற மகன், அவன் வேலை, அவனுடைய இரண்டு பிள்ளைகள். அப்புறம் மார்த்தாண்டத்தில் இருக்கிற இளையவள், அவளுடைய இடுப்பு வலி. பக்கத்து வீட்டு அக்காவின் மூட்டு. நல்ல ஒழுங்கான பட்டியல். இனி போதகர், சபை, தேசம், ஆமென் என்று முடியும், எல்லா ஜெபமும் அப்படித்தான் முடியும் என்று காத்திருந்தேன். திரையில் சின்னக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு மூச்சு விட்டாள்.

"என் மூத்த பிள்ளைய உம்முடைய கையில ஒப்புக்குடுக்கேன் ஆண்டவரே. அவளுக்கு வாய் கூடுதலு. கோவம் அதுக்கும் மேல."

மறந்துபோய் இன்னொரு தடவை அழுத்திச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, நான் அப்படி நினைக்க விரும்பினேன். உள்ளுக்குள்ள ஒண்ணுமில்ல, பயம்தான். மஸ்கட், இரண்டு பிள்ளைகள். இளையவள், இடுப்பு. பக்கத்து வீட்டு மூட்டு. வார்த்தை பிசகாமல், குரலில் அதே உருக்கத்தோடு. முடிந்ததும் ஒரு மூச்சு.

"என் மூத்த பிள்ளைய உம்முடைய கையில ஒப்புக்குடுக்கேன்."

அந்தப் பெண் இப்போது சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே திரையைப் பார்த்தாள். முந்தின நாள் ஆறு தடவை மூடியபோதும் ஒரு தடவைகூட ஜெபம் ஏன் முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா ஆமெனுக்கு வந்து சேரவே இல்லை. பட்டியலின் கடைசிக்கு வரும்போது முதல் ஆளைச் சொன்னது அவளுக்குப் போய்விடுகிறது. கரமனையில் இறங்காமல் தம்பானூர்வரை போனதுபோல, இறங்க வேண்டிய இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

மூன்றாவது சுற்றில் பக்கத்து வீட்டு மூட்டு வந்ததும், நான் குனிந்து அவள் காதருகே "ஆமென்" என்றேன். எங்களில் ஜெபத்தைக் கேட்கிறவர்களும் ஆமென் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பழக்கத்தில் அவளும் "ஆமென்" என்றாள். கண்ணைத் திறக்கப் போனவளின் இமைகள் மேல் என் கையை வைத்தேன்.

"சும்மா கிட."

அவள் சும்மா கிடந்தாள். ஒரு விநாடி, இரண்டு விநாடி. பிறகு திரையின் கீழ்ப் பாதியில் அலைகள் எழும்பின. அகலமாக, சீராக, ஒன்றன்பின் ஒன்றாக. முந்தின நாள் முழுவதும் வராத தாளம் என் உள்ளங்கைக்குக் கீழே வந்தது. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால், எண்ணத் தொடங்குவதற்கு முந்தின அந்தக் கொஞ்ச நேரம், அந்த வாரம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி.

"எண்ணட்டுமா சேச்சி?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

நானே எண்ணினேன். முதல் விநாடியை விட்டுவிட்டு எண்ணினேன். ஏழு. இன்னொரு விநாடி எடுத்தேன். ஏழு. தூக்கக் கலக்கத்தில் அலை குறையும், அதுவாக இருக்கலாம் என்று ஒரு கடைசி ஆசை. "அம்மா, தூங்குறியா?" என்றேன். "தூங்கவிட்டாத்தானே" என்று உடனே பதில் வந்தது. நல்ல விழிப்பு. மறுபடி அலை வந்தது, எண்ணினேன், ஏழேதான்.

ஏழு என்பதை மட்டும் வைத்து யாரும் எதையும் முடிவு செய்துவிட மாட்டார்கள். அதற்கு மற்றக் கேள்விகள், மற்றப் படங்கள் எல்லாம் உண்டு. அவையும் பிறகு எடுத்தோம். ஆனால் எனக்கு அந்த ஸ்டூலிலேயே தெரிந்துவிட்டது. மூன்று தடவை என் காதால் கேட்டதைத்தான் கோடுகளும் சொல்லிக்கொண்டிருந்தன. மூளையின் அலையை இத்தனை வருடம் எண்ணிய நான், அம்மா பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். அவள் போனில் சொன்னதையே சொல்லும்போதெல்லாம், "இதத்தானே இப்ப சொன்னே" என்று எரிந்து விழுந்து வைத்துவிடுவேன்.

கையை எடுத்தேன். அம்மா கண்ணைத் திறந்தாள். திரையில் அலைகள் போய்விட்டன.

"செரியாச்சா மக்ளே?"

பதிவை நிறுத்தச் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து, பசை துடைக்கப் பஞ்சு எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனாள். பஞ்சு என் கைக்கெட்டின தூரத்தில்தான் இருந்தது.

"செரியில்லம்மா" என்றேன். பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கையில் அடித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. தலையில் ஒன்றுமில்லை என்றால் கொண்டுபோய் விடுவதாகத்தான் சத்தியம். "பிட்ஸ் இல்ல. ஆனா செரியில்ல."

"நேத்து நல்லாயிருக்குன்னியே."

"நேத்து நான் தப்பா எண்ணிட்டேன்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கம்பிகள் தலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன.

"நடுவுல நீ என்னத்துக்கு ஆமென் சொன்ன? நான் தேசத்துக்குப் பண்ணல்லியே."

"நீ திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து வந்தே. என்னையே மூணு தடவ சொன்னே."

அம்மா படிக்காதவள், ஆனால் புத்தி குறைந்தவள் அல்ல. நான் சொன்னது அவளுக்குள் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் முதலில் வெட்கம் வந்தது, அப்புறம் பயம் வந்தது. தம்பானூர் பெஞ்சில் அவள் என்னிடமிருந்து மறைத்த பயம் அதுதான். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தாள், அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"ஒனக்கு மூணு தடவ வேண்டியதுதான்" என்றாள்.

நான் சிரித்தேன். அதே மூச்சில் அழுகையும் வந்துவிட்டது. அந்த அறையில் அத்தனை வருடத்தில் நான் அழுதது அந்த ஒரு முறைதான். அம்மா எழுந்திருக்க முயன்று, கம்பிகள் இழுத்ததால் திரும்பப் படுத்து, படுத்தபடியே என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

கோழிகளைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக்கொண்டார். பை அன்றைக்குக் கரமனைக்குத் திரும்பி வந்தது. அவிழ்க்க மாட்டேன் என்று அம்மா அதைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தாள், நானும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

பசை எளிதில் போகாது. வெந்நீர் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் ஸ்டூல் போட்டு அவளை உட்காரவைத்து, ஷாம்பு போட்டு ஒவ்வொரு குறியாகத் தேய்த்தேன். இருபத்தோரு இடமும் எனக்குப் பார்க்காமலே தெரியும்.

"கண்ண மூடும்மா, நுரை விழும்" என்றேன், யோசிக்காமல்.

மூடினாள். ஒரு மூச்சு இழுத்தாள். உதடு அசைய ஆரம்பித்தது. சத்தம் வரவில்லை, ஆனால் முதலில் யார் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு சுற்று முடிந்து ஒரு மூச்சு வந்தது. உதடு மறுபடி அசைந்தது. நான் ஆமென் சொல்லவில்லை. வெந்நீர் தீரும்வரை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.